பேரும் ஆளும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகளில் எளிதிற் காணக்கிடைக்காத ஒரு பொருள் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில் வேலை பகிரப்பட்டு, மாலையிற் கொழுந்து நிறுக்கப்பட்டு, அன்றைய நாட்கூலி முழுமையாக ஒருவரது கணக்கிற் பதியப்படுமாயின் அவருக்கு ‘முழுப்பேர்’ கிடைத்தது என்பர். நிர்ணயிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து குறையுமாயின் ‘அரைப்பேர்’. மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்று எண்ணியே சம்பளம் கணிக்கப்படுகின்றது. நிரந்தரத் தொழிலாளி ‘பேர் பதிந்தவர்’. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ‘பேர் வெட்டுப்பட்டவர்’. பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளை என எப்பகுதியை எடுத்துக்கொண்டாலும் இவ்வழக்கினைக் கேட்கலாம். கேட்பவர் எவரும் வியப்பதில்லை. ஆயினும் சற்று நின்று நோக்கின் இதில் வியப்புக்கு இடமுண்டு. செக்ரோலில் ஒருத்தியின் பேர் பாதியாகலாம். கூடையுடன் மலையிலிருந்து இறங்கி வருகின்றவள் பாதியாக இறங்கி வருவதில்லை.

பேரில் நிகழும் மாற்றம் ஆளில் நிகழும் மாற்றமாகுமா? ஆளுக்கு நேர்ந்தது பேரில் தெரிய வருமா? ஒருவரது பேரைக் கையில் வைத்திருப்பவர், அப்பேருக்குரிய ஆளிடத்துக் கொண்ட கடமை யாது? ஒன்றுபோலத் தோன்றும் இம்மூன்று வினாக்களும் ஒன்றல்ல. முதலிரண்டும் தருக்கத்தைச் சார்ந்தவை. மூன்றாவது அறத்தைச் சார்ந்தது. முதலிரண்டிலும் குழம்பியவர்களே மூன்றாவதிலும் பெரும்பிழை செய்துள்ளனர் என்பதை மலையகத்தின் வரலாறு காட்டுகின்றது.

இக்குழப்பத்தை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் இடம், சற்றும் எதிர்பாராதவாறு, கணினியே ஆகும். க.பொ.த. உயர்தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணவர்கள் பைத்தன் என்னும் செய்நிரல் மொழியைக் கற்கின்றனர். ஒல்லாந்தரான கைடோ வான் ரொசம் ஆக்கி 1991இல் வெளியிட்ட மொழி அது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிற் கணினியியல் பயிலச் செல்வோருக்கும் இத்தகைய மொழிகளே அரிச்சுவடி. இம்மொழியிற் புதிதாய் நுழைபவர் தொடக்கத்திலேயே இடறி விழும் கல் ஒன்று உண்டு.

மூன்று பெண்களின் பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கி, அதற்குக் ‘காலை’ எனப் பெயர் சூட்டுவதாகக் கொள்வோம். பின்னர், ‘மாலை’ என்பது ‘காலை’யே என்று கணினிக்கு ஒரு வரியில் அறிவிக்கப்படுகின்றது. இப்போது இரண்டு பட்டியல்கள் இருப்பதாகவே பயில்பவர் எண்ணுவார். உண்மையில் உள்ள பட்டியல் ஒன்றே, பெயர்கள்தாம் இரண்டு. ‘மாலை’யில் நான்காவது பெண்ணின் பெயரைச் சேர்த்தால், தொடப்படாத ‘காலை’யிலும் அப்பெயர் தோன்றக் கண்டு அவர் திகைப்பார். பெயர் என்பது பொருளை உள்ளே வைத்திருக்கும் பெட்டியன்று. பொருள் இருக்குமிடத்தை நோக்கி நீட்டிய விரல் மட்டுமே. இவ்விரலைச் ‘சுட்டு’ என்றும், விரல் காட்டும் இடத்தில் இருப்பதை ‘உள்ளடக்கம்’ என்றும் வழங்கலாம்.

இதனின்றும் இரண்டு செயல்கள் வேறுபடுகின்றன. உள்ளடக்கத்தை மாற்றுதல் ஒன்று. அதனைச் சுட்டும் எல்லாப் பெயர்களும் அம்மாற்றத்தைக் காணும். பெயரை வேறொரு பொருளின்மேல் திருப்பிவிடுதல் மற்றொன்று. அதனாற் பழைய பொருளில் ஓரணுவும் அசைவதில்லை. அவ்வாறே இருவகை வினாக்களும் வேறுபடுகின்றன. இவ்விரண்டும் உள்ளடக்கத்தால் ஒத்தவையா என்று கேட்பது ஒன்று. இவ்விரண்டும் ஒன்றேயா என்று கேட்பது வேறு. பைத்தன் மொழி இவ்விரு வினாக்களுக்கும் இரண்டு தனிக்குறிகளை வைத்திருக்கின்றது. ஒரே லயத்தின் இரண்டு காம்பராக்கள் நீளத்தாலும் அகலத்தாலும் புகையேறிய சுவராலும் முற்றிலும் ஒத்திருக்கலாம். ஆயினும் ஒன்றில் எரியும் அடுப்பு மற்றதைச் சூடாக்குவதில்லை.

மெய்யியலார் இதனை அறியாதவர் அல்லர். ஒரு சொல்லாற் பொருளும் அறியப்படும், அச்சொல்லே தானும் அறியப்படும் என்னும் வேறுபாட்டினைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் சுட்டியுள்ளார். மிலிந்த மன்னனுடன் வாதிட்ட நாகசேனர், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, ‘தேர்’ என்பது ஒரு வழக்குச் சொல்லே, ‘நாகசேனன்’ என்பதும் அத்தகையதே என்றார். 1892இல் ஜேர்மானிய அறிஞர் பிறேகே, விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளைக் குறிப்பினும் அவற்றின் கருத்து ஒன்றல்ல என்று விளக்கினார். இம்மூவரின் ஆய்வும் நுண்ணியது. ஆயினும், பெயரை இடுபவர் யார், அழிப்பவர் யார், அழிக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினா அவர்களின் ஆய்வுப் பரப்புக்குள் வரவில்லை. விடிவெள்ளிக்குப் பெயர் மாறினால் அது கவலைப்படப் போவதில்லை என்பதே அதற்குக் காரணம் போலும்.

மனிதர் விடிவெள்ளி அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்தினின்றும் இத்தீவின் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டோருக்குத் தகரச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தோட்டப் பிரதேசத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த சிறு தகர வில்லைகள் அவை. அச்சீட்டு அணிந்தவரின் பெயர்போலத் தோன்றலாம். அது முதன்மையாகச் சுட்டியதோ அவரையன்று, அவர் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட வேண்டிய தோட்டத்தை. பொதியின் மேல் ஒட்டிய விலாசம் பொதிக்குள் இருப்பது யாதென்று கூறாது. பொதி யாருக்குரியது என்றே கூறும்.

அதனினும் கொடிது ‘துண்டு’ என்னும் முறை. தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளி, தன்மீதுள்ள கடனை இன்ன தொகை எனக் குறித்து, அதனைச் செலுத்துபவரிடம் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் துண்டுக் கடிதத்தைப் பெறவேண்டியிருந்தது. கங்காணிமார் இத்துண்டுகளை ஏந்தித் தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினர். கை மாறியது காகிதம். இடம் மாறியவர் ஆள். செய்நிரலிலும் இதற்கு ஒப்பானது உண்டு. ஒரு பொருளின் சுட்டினைப் பிறிதொரு செயற்கூறுக்குக் கொடுத்துவிட்டால், அச்செயற்கூறு பொருளைக் கண்ணாற் காணாமலே அதன் உள்ளடக்கத்தை மாற்றிவிடும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு மனிதனைச் சுட்டும் காகிதத்தை வைத்திருப்பவர் அம்மனிதனையே வைத்திருப்பவராகிறார் என்ற எண்ணம் அச்சட்டத்தோடு ஒழிந்ததா என்பது வேறு விடயம்.

1948 இவ்வெண்ணத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்கு பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதையோ நிறுவவேண்டும் என்றது. சட்டத்தின் வாசகம் எவரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. விலக்க வேண்டிய தேவையும் அதற்கிருக்கவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரங்களின் தொடர் எங்கே அறுந்திருக்கின்றதோ அங்கே ஆளும் அறுந்துபோவார். 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போற் காட்டியது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்ததை நிறுவ வேண்டுமென அது கோரிற்று. விண்ணப்பித்தோரிற் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தால் அவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீங்கின. 1947இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது அதே மலைகளில் அதே கொழுந்தைப் பறித்துக்கொண்டு, எந்த இடாப்பிலும் இல்லாதவராய் நின்றனர்.

கணினியின் நினைவகத்திலும் இத்தகைய நிலை ஏற்படுவதுண்டு. ஒரு பொருளைச் சுட்டும் பெயர்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போய், இறுதிச் சுட்டும் நீங்கினால், அப்பொருள் இல்லாததற்குச் சமானமாகின்றது. அதன் உள்ளடக்கம் கெடவில்லை. ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் அதனை அடைய வழியில்லை. எனவே மொழியின் உள்ளேயே இயங்கும் ஒரு பொறி அதனைக் குப்பை எனக் கொண்டு, அது தங்கியிருந்த இடத்தை வேறு தேவைக்கு எடுத்துக்கொள்ளும். நிரலாளர் இதனைக் குப்பை திரட்டல் என்றே அழைக்கின்றனர்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றுக்கிடையே சுட்டுக்கள் அறவில்லை. ஒன்றுக்கொன்று சாட்சியாகவே நிற்கின்றன. ஆயினும் வெளியிலிருந்து எச்சுட்டும் அவற்றை எட்டாதாயின், அவ்வட்டம் முழுவதையும் பொறி குப்பையாகவே கொள்ளும். தோட்டத்து மக்களின் நிலையை இதனினும் பொருத்தமாக விளக்கும் உவமை கிடைப்பது அரிது. யார் எந்த லயத்திற் பிறந்தார், பிள்ளையை ஏந்திய மருத்துவச்சி யார், அன்று பெய்த மழை எத்தகையது என்பதை அயற்காம்பராவினர் அறிவர். கங்காணி அறிவார். காமன் கூத்தாடியவரும் காதுகுத்துக்கு வந்தவரும் அறிவர். ஒருவரையொருவர் சுட்டி நிற்கும் அறிவின் வலையொன்று அங்கிருந்தது. அவ்வலையின் எந்த நூலும் கொழும்பில் இருந்த பதிவேட்டுடன் முடிச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆகவே அது சாட்சியமாகக் கொள்ளப்படவில்லை.

இவ்விடத்தில் உவமை முறிகின்றது, முறியத்தான் வேண்டும். கணினியிற் சுட்டற்ற பொருளை அழிப்பது குற்றமன்று. எவராலும் அடைய முடியாத பொருளுக்கு நினைவகத்தில் இடம் வைத்திருப்பது வீண். அப்பொருளுக்கு அங்கே தனக்கென ஓர் இருப்பு இல்லை; பயன்பாடே அதன் இருப்பு. மனிதரோ சுட்டப்படுவதனால் இருப்பவர் அல்லர். இருப்பதனாலேயே சுட்டப்பட வேண்டியவர். இவ்வரிசையைத் தலைகீழாக்கியதே 1948இன் பிழை. பதிவேட்டில் இல்லாதவரை நோக்கி, ‘உன்னைப் பதியாதிருந்தது எமது குறை’ என்று கூறவேண்டிய அரசு, ‘பதியப்படாதிருந்தது உனது குறை’ என்று கூறியது. அவருக்காகத் தோட்டத்தில் வரவு வைக்கப்பட்ட பேர்களெல்லாம், அவர் இத்தீவில் உழைத்தார் என்பதற்கன்றி இத்தீவினர் என்பதற்குச் சான்றாகவில்லை.

பதினாறு ஆண்டுகளின்பின், 1964 ஒக்டோபர் 30இற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மற்றொரு வகைச் சுட்டினைப் படைத்தது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாய், எழுபத்தையாயிரமாகப் பகிரப்பட்டது. இவ்வெண்கள் எவரைச் சுட்டின? கையெழுத்திட்ட நாளில் எவரையும் சுட்டவில்லை. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் என்பதற்குள் தெமோதரையின் இன்ன லயத்து இன்னார் அடங்குவார் என்று எவராலும் கூறியிருக்க முடியாது. முதலில் வெற்றுச் சுட்டுக்கள் உண்டாக்கப்பட்டன; பின்னரே அவற்றுக்குரிய மனிதர் தேடப்பட்டனர். சர்க்கரை மூடைகளுக்கு இது பொருந்தும். ஒரு மூடை போனாலென்ன, மறு மூடை போனாலென்ன? ஒத்திருத்தலும் ஒன்றாயிருத்தலும் வேறென்பதை அறிய விரும்பாதவரே மனிதரையும் அவ்வாறு எண்ண முடியும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓரெண்ணிலும் தங்கை மற்றோரெண்ணிலும் விழுந்தனர். இரண்டு எண்களும் சரியாகவே இருந்தன.

கப்பலேறியவர்களுக்குத் தமிழகத்தில் வழங்கிய அரசுப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஊவாவிற் பிறந்து, மன்னார்க் கடலை அதுவரை கண்டிராத ஒருவர் எங்கிருந்து எங்கே திரும்பினார் என்பதைப் பெயரிட்டவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இத்தீவில் 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிலிருந்து ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே குறிக்கப்பட்டு வந்தவர்கள், நீலகிரியில் இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆயினர். எங்கிருந்தாலும் மற்றைய இடத்தைச் சுட்டும் பெயரே அவர்களுக்கு வாய்த்தது. அவர்களுக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. அங்கும் அதே தேயிலை, அதே கூடை, அதே குளிர். செய்நிரலிலே மேலோட்டப் படியெடுப்பு என்றொன்று உண்டு: பட்டியல் புதிதாகும், அதனுள்ளே இருப்பவை பழையனவே, புதிய பட்டியலும் அவற்றையே சுட்டி நிற்கும். நாடு புதிதாகிய இவர்களின் வாழ்வும் அத்தகையதோர் படியே எனலாம்.

நாடற்றோர் பிரச்சினைக்கு 1988இன் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் பெரும்பாலும் முடிவு கண்டன. இதனைச் சிறிதாக மதிப்பிடுதல் நன்றன்று. இல்லாதிருந்த சுட்டு கிடைத்தது. அரசின் வாயில்கள் திறந்தன. ஆனால் சுட்டு கிடைத்தமையை உள்ளடக்கம் மாறியமையாகக் கொள்ளும் மயக்கம் அன்றுமுதல் புதிதாய்த் தோன்றியது. தோட்டங்களின் உடைமை வரலாற்றிலும் இம்மயக்கமே காணப்படுகின்றது. ஆங்கிலேயக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. ஒவ்வொரு தடவையும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்ததாகப் பேசப்பட்டது. பெயர்ப்பலகை உண்மையில் மாறியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா எத்தனையோ குடும்பங்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டாகவே இருந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழக்கூடும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. பேரையும் இலக்கத்தையும் இவ்வாறு பழிப்பவர், அவையில்லாத உலகத்தை எண்ணிப் பார்த்தனரா? இடாப்பு இல்லாத இடத்தில் ஆளை அறிந்தவனே ஆள்பவன் ஆகின்றான். செக்ரோலில் எழுதப்படாத நாட்கூலி கணக்கப்பிள்ளையின் தயவில் நிற்கும். துரைக்கு முகம் தெரிந்தவருக்கு இலகுவான மலையும், தெரியாதவருக்குச் செங்குத்தான மலையும் கிடைக்கும். இலக்கம் முகம் பாராதது. முகம் பாராமையே நீதியின் முதற்படியன்றோ? நாட்டின் கோடிக்கணக்கானோரை ஒவ்வொருவராகச் சென்று கண்டு, ஒவ்வொருவரின் நிலையையும் உணர்ந்து ஆட்சி செய்ய எந்த அரசாலும் இயலாது. கணினியும் ஒவ்வொரு தடவையும் பொருள் முழுவதையும் சுமந்து செல்லுமாயின் எவ்வேலையும் முடியாது. சுட்டினைக் கொடுப்பதாலேயே அது விரைந்து இயங்குகின்றது.

இவ்வாதம் பெரிதும் உண்மையே. அதனாலேயே வாக்காளர் இடாப்பில் தம் பேர் இருக்கவேண்டும் என்று மலையக மக்கள் நெடுங்காலம் போராடினர். ‘ஆளைப் பாருங்கள், பேர் வேண்டாம்’ என்று அவர்கள் கேட்கவில்லை. பேர் வேண்டும் என்றே கேட்டனர். எனினும் எதிர்வாதம் ஒன்றை மறந்துவிடுகின்றது. கணினியிற் சுட்டு பயனுடையதாவது, அதனைப் பின்தொடர்ந்து சென்றால் பொருளை அடையலாம் என்பதனால். பின்தொடரப்படாத சுட்டு வெறும் இலக்கமே. இடாப்பினை வைத்திருப்பவர் எப்போதாவது அவ்விரல் காட்டும் திசையில் நடந்துபோய்ப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் போகவேண்டுமென்பதில்லை, ஆனால் ஒருபோதும் போகாதவர், தாம் கையில் வைத்திருப்பது எதனுடைய பேர் என்று கூற உரிமையற்றவர்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தது. ஹல்துமுல்லைப் பிரதேசத்துத் தோட்டமொன்றின் லயங்களை மண் மூடிற்று. அடுத்த சில நாட்களில் வெளிவந்த எண்கள் ஒன்றுக்கொன்று முரணாயிருந்தன. காணாமற் போனோர் சில நூறுபேர் என்று முதலிற் கூறப்பட்டது. பின்னர் அவ்வெண் படிப்படியாகக் குறைந்து அதனினும் மிகச் சிறியதாயிற்று. மண்ணுக்குள் இருந்தோரின் தொகையை எவரும் கண்ணாற் கண்டு கூறமுடியாத நிலையிற் பட்டியலே கண்ணாயிற்று. பட்டியலில் இருந்தவருட் சிலர் அக்காலையில் அங்கில்லை. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளும் வெளியூரில் வேலை செய்தோரும் எஞ்சினர். அவர்களுடைய பேர்களுக்கு எதிரே நின்ற ஆட்கள் உயிருடன் வந்து நின்றபோது எண் குறைந்தது. மீட்கப்படாத உடல்களுக்கோ பேர் மட்டுமே மிஞ்சியது. மனிதர் இல்லாத பேர்களும், வீடில்லாத மனிதர்களும் ஒரே வேளையில் உண்டான காலை அது.

அம்மலைச்சரிவு ஆபத்தானது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. ‘மீரியாபெத்தை’ என்னும் பெயர் ஆபத்தான இடங்களின் வரிசையில் முறையாகச் சேர்க்கப்பட்டது. சேர்த்த அளவிலே ஏதோ ஒன்று செய்யப்பட்டது என்ற நிறைவு அலுவலகங்களில் உண்டாகியிருக்கலாம். பெயர் ஒரு பட்டியலிலிருந்து மறு பட்டியலுக்கு நகர்ந்தது. மாற்றிடம் இல்லாத மக்கள் அதே சரிவில் இருந்தனர். யார் குற்றவாளி என்று பெயர் சொல்லித் தேடுவதை விட, பெயரை நகர்த்தியதை மக்களை நகர்த்தியதாக எண்ணும் பழக்கம் எவ்வளவு எளிதாய்ப் படிகின்றது என்பதை உணர்தலே ஈண்டு முக்கியம். நல்லெண்ணம் உள்ளவரிடத்தும் அது படிகின்றது. பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலில் மாணவரைக் காணும் பல்கலைக்கழகத்தாரும் இதற்கு விலக்கல்லர்.

பேரிடர் இல்லாத நாட்களிலும் இப்பழக்கத்தின் சுமையைத் தோட்டத்து முதியோர் சுமக்கின்றனர். இராமாயி என்னும் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவள் எத்தோட்டத்திலும் இருக்கக்கூடியவள். அவளது பிறப்பைப் பதிந்தவர் வேற்றுமொழியிற் செவிவழி கேட்டு ‘ராமாய்’ என எழுதினார். செக்ரோலில் அவள் ‘இராமாயி’. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் தந்தையின் பெயரை முன்னே சேர்த்து ‘ராமி’ என்று சுருக்கினார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, சேமலாப நிதியைப் பெறும் காலம் வருகின்றது. மூன்று பெயர்கள், ஓர் ஆள். சுட்டுக்கள் மூன்றும் ஒரே இடத்தையே காட்டுகின்றன என்பதை அறிய ஒரு வழி உண்டு: மேசைக்கு முன்னால் நிற்பவளை ஏறெடுத்துப் பார்ப்பது. அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழியன்று. உழைத்தவள் ஒருத்தி, ஊதியம் கேட்பவள் வேறொருத்தி என்று ஏமாற்றும் நிகழ்வுகளும் உலகில் உண்டாகையால், அலுவலர்மீது முழுப்பழியையும் சுமத்தவும் முடியாது. ஆகவே கிராம உத்தியோகத்தரின் கடிதமும், மூன்று பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்னும் சத்தியக் கடதாசியும் தேவைப்படுகின்றன. அதற்காகப் பேருந்தேறிப் பதுளைக்கு ஒரு நாள்; சமாதான நீதவானைக் காண மற்றொரு நாள். அந்நாட்களுக்குரிய பேர் செக்ரோலில் விழுவதில்லை.

சத்தியக் கடதாசியின் அடியிற் கையொப்பத்துக்குப் பதிலாக அவள் கைநாட்டு வைக்கின்றாள். தேயிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த பெருவிரலில் மை சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டாம் முறையும் அழுத்தவேண்டியிருக்கின்றது. அவ்வளவு காகிதங்களுள்ளும் அவளைச் சுட்டாது அவளாகவே பதிந்திருப்பது அவ்வொன்றுதான். மை உலருமுன் எழுதுவினைஞர் தாளைத் தம் பக்கம் இழுத்து, அதன் அருகே ‘இன்னாரின் இடதுகைப் பெருவிரலடையாளம்’ என எழுதவேண்டிய இடத்தில், அவள் சொல்லச் சொல்லக் கேட்டு, பெயரை நான்காவது விதமாக எழுதுகின்றார்.